கேசட்டின் கடைசியில் கைகாட்டும் எருமைக்கன்று

சவூதியின் தம்மாமில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில் எனக்கு இரண்டு வித்தைகள் கைவந்திருந்தன. ஒன்று, நின்றுகொண்டே தூங்குவது. மற்றது, தூங்கவே இல்லை என்று சாதிப்பது. இரண்டாவதில் இன்றைக்கும் நான் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவிக்கு வேறு கருத்து.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப். காலை ஐந்தேகாலுக்கு பஸ் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் ஆறரைக்குக் கொண்டுவந்து கொட்டும். கொட்டும் என்றுதான் சொல்ல வேண்டும், இறங்குகிற நிலையில் யாரும் இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அந்த ஒரு நாளில் துணி துவைக்க வேண்டும், முடி வெட்டிக்கொள்ள வேண்டும், கடிதம் எழுத வேண்டும், ஆறு நாள் பாக்கித் தூக்கத்தையும் தூங்கியாக வேண்டும். நான் கடைசி வேலையை முதலில் செய்வேன். அதனால் என் துணி எப்போதும் அழுக்காகவும் முடி எப்போதும் நீளமாகவும் இருந்தன.

எங்கள் போர்ட்டா கேபின் அறையில் நாலு கட்டில், மூன்று பேர். ராமநாதபுரம் பக்கத்து வெல்டர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவரை அண்ணே என்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, எங்களை 'ஐசே' என்று கூப்பிடும் டைப்பிஸ்ட் ஒருவர். ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் என்பதால் அவர் சார். மூன்றாவது நான். நாலாவது கட்டிலில் டிவி படுத்திருந்தது, பக்கத்திலேயே அதன் சம்சாரம் மாதிரி ஒரு வீடியோ டெக். சினிமாக் கொட்டகை என்பதே இல்லாத ஊரில் அந்தக் கட்டில்தான் எங்களுக்குக் கொட்டகை.

அடுத்த வரிசை அறையில் ஒரு பிலிப்பினோ எலெக்ட்ரீஷியன் இருந்தான். ஒயர் வாங்க ஸ்டோருக்கு வருவான். ரேக்கில் சாய்ந்து நான் தூங்குவதைப் பல தடவை பார்த்தும் சூப்பர்வைசரிடம் சொல்லாத ஒரே ஆள் அவன்தான். சிநேகத்துக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? என்னை 'பாரே' என்று கூப்பிடுவான். நம் ஊரில் மாப்ளே, மச்சான் என்கிறோமே, அந்த மாதிரி. பதிலுக்கு நானும் பாரே என்பேன். எங்களுக்குள் பேச்சு இங்கிலீஷும் ஹிந்தியும் அரபியும் கலந்த ஒரு கூட்டு. மூன்றையும் நாங்கள் ஒரே அளவு மோசமாகப் பேசினோம் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது. அவன் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் சொல்கிறேன், சௌகரியத்துக்காக.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் கையில் டெக்கும் அக்குளில் கேசட்டுமாக எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"பாரே, உங்க டிவில கொஞ்ச நேரம் பார்த்துக்கட்டுமா? எங்க ரூம்ல டிவி கிடையாது. எங்க ஊர்க் கேசட்டு உங்க டெக்குல ஓடாது, என் டெக்கு எல்லா நாட்டுக் கேசட்டும் ஓட்டும், அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

வெல்டர் அண்ணன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். வேறு நாட்டுப் படம், அதுவும் ஒருத்தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருகிற படம் என்றால் அவர் மனதில் என்னென்னவோ ஓடியிருக்கும். கதவைச் சாத்திவிட்டு வேறு வந்தார்.

படம் வந்தது. அவர்கள் நாட்டு முறையும் எங்கள் டிவியும் ஒத்துக்கொள்ளாததால் வண்ணம் வரவில்லை, கருப்பு வெள்ளைதான். அதுவும் நிற்காமல் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே போயிற்று. பிலிப்பினோ டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு திருகைத் திருகினான். உருளல் நின்றது. திரை முழுக்க ஓர் எருமைக்கன்றின் முகம். துணியில் தைத்த பொம்மை. பெரிய கண்கள், தொங்கும் காது. அது எங்களைப் பார்த்துக் குளம்பை ஆட்டி ஏதோ கேட்டது. பக்கத்தில் ஒரு டீச்சரம்மா, எதிரே ஏழெட்டுக் குழந்தைகள். எல்லோருமாக விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார்கள். இசா, தலவா, தத்லோ, ஆபாத், லிமா.

"ஏப்பா ஸ்டோரு," என்றார் வெல்டர் அண்ணன், "இதுக்கா நான் கதவச் சாத்துனேன்?"

பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளுக்காக அவர்கள் நாட்டு டிவியில் காலையில் வருகிற நிகழ்ச்சி அது. பாட்டு, எண், எழுத்து, பல் விளக்குவது, வரிசையில் நிற்பது எல்லாம் பொம்மைகளை வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். நாலு நாள் நிகழ்ச்சியை அவன் மனைவி பக்கத்து வீட்டு டெக்கில் பதிந்து, லீவு முடிந்து திரும்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இங்கே ஏர்போர்ட்டில் கேசட் என்றால் வாங்கி வைத்துக்கொண்டு, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். இது வெளியே வர ஐந்து வாரம் ஆயிற்று. அதைப் பார்த்த அதிகாரிக்கும் ஐந்து வரை எண்ணத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"உனக்கு எதுக்கு இது?" என்று கேட்டேன்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "என் மகளுக்கு நாலு வயசு. மூணு மாசக் குழந்தையா விட்டுட்டு வந்தேன். போன லீவுக்குப் போனப்போ என்னைப் பார்த்துக் கத்தினா. நான் வீட்டுக்குள்ள இருந்தா அவ வாசல்ல இருப்பா. நான் வாசலுக்கு வந்தா உள்ள ஓடிடுவா. இருபத்தாறாவது நாள்தான் என் மடியில உட்கார்ந்தா. முப்பதாவது நாள் நான் கிளம்பிட்டேன்."

எருமைக்கன்று மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"இப்ப அவளுக்கு இந்த ஷோதான் எல்லாம். பேசுறது, பாடுறது, சண்டை போடுறது எல்லாம் இது மாதிரியே. 'இதைப் படிச்சுக்கிட்டு வா, இல்லைன்னா இந்தத் தடவையும் வாசல்ல நின்னுதான் மகளைப் பார்க்கணும்'னு வீட்டுக்காரி எழுதியிருக்கா. ரெண்டு மாசத்துல லீவு. முப்பது நாள்தான், பாரே. அதுல இருபத்தாறு நாளை மறுபடியும் வீணாக்க முடியாது."

எனக்கும் ஊரில் ஐந்து வயதில் ஒரு பையன் இருந்தான். போன லீவில் பேட்டரியில் ஓடும் கார் ஒன்று வாங்கிப் போனேன். காருடன் நன்றாகப் பழகினான். பதினைந்தாம் நாள் அவன் அம்மாவிடம், "இந்த மாமா எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அன்றைக்கும் நான் தூங்குவது போல் இருந்துவிட்டேன். வித்தை ஏதாவது ஒரு விதத்தில் உதவத்தான் செய்கிறது.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் அறையில் பாலர் வகுப்பு நடந்தது. பிலிப்பினோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பான். ஒரே கேசட்தான், அதே நாலு நாள்தான். முடிந்ததும் திரும்பச் சுற்றி மறுபடி. நாங்கள் கட்டிலில் கிடந்தபடி பார்ப்போம். கண்ணை மூடினாலும் காது மூடாதே. பதில் சொல்லிப் பழக, கேள்வி கேட்க ஓர் எருமைக்கன்று தேவைப்பட்டபோது என்னை எழுப்பி உட்கார வைத்தான். அந்த வேஷத்துக்கு எனக்குத் தனியாக ஒப்பனை எதுவும் தேவைப்படவில்லை என்று டைப்பிஸ்ட் சார் சொன்னார். நான் மறுக்கவில்லை, மறுக்கவும் தெம்பு இல்லை.

லீவுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கும்போது அவனை ஒரு வார வேலையாக ஜுபைல் சைட்டுக்கு அனுப்பினார்கள். போகும் முன் டெக்கையும் கேசட்டையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"எங்க ரூம்ல வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போய் இதுமேல குத்துச்சண்டை பதிஞ்சுடுவான். உன்கிட்ட இருக்கட்டும். நீ ஸ்டோர் கீப்பர், பத்திரமா வெச்சிருப்பே."

ஏர்போர்ட்டில் வீண் சந்தேகம் வேண்டாமென்று அவன் மனைவி கேசட்டின் மேல் ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பதில் வேறொரு காரியம் செய்திருந்தாள். கேசட்டின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் டெக் அதில் பதிய மறுத்துவிடும், இருக்கிற படம் அழியாது. அதை ஒடித்தே அனுப்பியிருந்தாள். நான் அந்தக் கேசட்டை வாங்கி, கட்டிலுக்கடியில் இருந்த என் சூட்கேசில், பெயர் எழுதாத என்னுடைய மூன்று கேசட்டுகளோடு நாலாவதாக வைத்தேன். கம்பெனியின் பதினாறாயிரம் போல்ட் நட்டுகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டியவன், இதற்கு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டவில்லை. ஞாபகம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். வெள்ளிக்கிழமை காலையில் வெல்டர் அண்ணன் என்னை உலுக்கினார்.

"யப்பா, எந்திரிப்பா. புதுப் படம் எடுத்தாந்துருக்கேன். மத்தியானம் கடையில திருப்பிக் குடுக்கணும். ரெண்டு டெக்கு இருக்குல்ல, ஒரு காப்பி எடுத்துரு. உன்கிட்ட பழைய கேசட்டு கெடக்குமே."

ஒரு டெக்கில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிகிற வேலை கேம்பில் எனக்குத்தான் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கண்ணைத் திறக்காமலே சூட்கேசைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்தேன். ஓரத்துத் தகடு ஒடிந்திருந்தது. நல்ல மனிதனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம், ஏனென்றால் ஒடிந்த தகட்டுக்கு வைத்தியம் எனக்குத் தெரியும். சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து மடித்து அந்தப் பொந்தில் அடைத்து, மேலே செலோ டேப்பை இறுக்கி ஒட்டினால் போதும், டெக் ஏமாந்துவிடும்.

"பார்த்தீங்களாண்ணே," என்றேன். "இந்த டெக்னிக் கம்பெனிக்காரனுக்கே தெரியாது."

டெக்கை ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன். அப்படி ஒரு தூக்கம் அந்த வருடத்தில் நான் தூங்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் காப்பியை பிலிப்பினோவின் டெக்கிலேயே போட்டுப் பார்த்தோம். நன்றாக வந்திருந்தது. வண்ணம் சுத்தம், சத்தம் சுத்தம். வெல்டர் அண்ணன் என்னைத் தட்டிக் கொடுத்தார். கதாநாயகன் தாயோடும் தங்கையோடும் சேர்ந்து நின்று சிரிக்க, வணக்கம் என்று போட்டார்கள். யாரும் எழுந்து அணைக்கவில்லை, அசதி. திரையில் கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. பிறகு வண்ணம் போயிற்று. படம் உருள ஆரம்பித்தது. உருண்டு உருண்டு வந்தது எருமைக்கன்றின் முகம்.

எங்களைப் பார்த்துக் குளம்பை ஆட்டியது.

டைப்பிஸ்ட் சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஐயோ, என்ன ஐசே செய்து போட்டீர்?"

நான் டிவிக்குப் பின்னால் போய், உருளாமல் இருக்கத் திருகைத் திருகினேன். அது ஒன்றுதான் அப்போது செய்ய முடிந்தது. நாலாம் நாள் நிகழ்ச்சியின் கடைசிப் பதினைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. மற்ற எல்லாவற்றின் மேலும் ஒரு கதாநாயகன் இரட்டை வேடத்தில் நடந்துபோய்விட்டான்.

"மெஷின் தின்னுருச்சுன்னு சொல்லிருவோம்பா," என்றார் வெல்டர் அண்ணன்.

"அந்தாள் எலெக்ட்ரீஷியன்," என்றார் சார். "மெஷினைக் கழட்டிப் பார்த்துப் போட்டு உம்மைத்தான் பிறகு கழட்டுவான். உண்மையைச் சொல்லும் ஐசே."

திரும்ப வரவழைக்கலாம் என்றால் ஊரில் பதிந்து, ஆள் தேடிக் கொடுத்து, ஏர்போர்ட்டில் ஐந்து வாரம் கிடந்து வெளியே வருவதற்குள் அவன் லீவுக்குப் போய்த் திரும்பியே வந்துவிடுவான்.

சனிக்கிழமை மாலை ஜுபைலிலிருந்து வந்தான். மெஸ் வாசலில், கையில் தட்டோடு வரிசையில் நின்றபோது சொன்னேன். எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் சொன்னேன், ஒவ்வொன்றிலும் இன்னும் மோசமாக ஒலித்தது. அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் சிரித்தான். அவர்கள் ஊர்க்காரர்கள் வலிக்கும்போது சிரிப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"ஓகே, பாரே. கலாஸ்," என்றான். முடிந்தது, விடு என்று அர்த்தம். தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தான். அந்த வாரம் ஒயர் வாங்க வேறு ஆளை அனுப்பினான். நான் ஸ்டோரில் தூங்குவதை அந்த ஆள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டான், அது வேறு கதை.

மூன்று நாள் கழித்து, குழாயடியில் நானும் வெல்டர் அண்ணனும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பாட்டு?"

"எவங் கண்டான். வாயில வருது, பாடுறேன்."

கேட்டேன். இசா, தலவா, தத்லோ. எருமைக்கன்றின் எண்ணுப் பாட்டு. தட்டை அப்படியே போட்டுவிட்டேன்.

"அடுத்தது பாடுங்கண்ணே."

"அடுத்தது அந்தச் சேவ பொம்ம வந்து கத்தும்ல..." அதையும் பாடினார். ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது. ஆனால் ஐந்து வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கு மூன்று தடவை காதில் விழுந்த பாட்டு. வேறு எங்கே போகும்?

அன்றைக்கே மூன்று பேரும் உட்கார்ந்தோம். கம்பெனியின் மெட்டீரியல் ஃபாரங்களின் பின்பக்கத்தில் நான் தமிழில் எழுதினேன். ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினோம், வரிசைக்குத்தான் சண்டை.

"சேவலுக்கு முந்தி மழைப் பாட்டு," என்றார் சார்.

"என்ன சார் நீங்க, மழ ரெண்டாம் நாளு. மொத நாளு சேவலு, அப்பறம் பிள்ளைக வரிசையா நிக்கும், ஒரு பய மட்டும் முந்துவான்..."

"அது பெட்டை, பையன் இல்லை."

"கருப்பு வெள்ளையில ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?"

பன்னிரண்டு மணி நேரம் உடம்பு தேய உழைத்துவிட்டு வந்த மூன்று குடும்பஸ்தர்கள், வரிசையில் முந்திய பிள்ளை ஆணா பெண்ணா என்று குரல் உயர்த்தினார்கள். நடுவில் நான் இரண்டு தடவை பேனாவோடு தூங்கி விழுந்தேன். ஆனாலும் நாலு மாலையில் ஏறக்குறைய மூன்றேகால் நாள் நிகழ்ச்சி சேர்ந்துவிட்டது. அதை டைப்பிஸ்ட் சார் ஆபீஸ் மெஷினில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டு வந்தார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பிலிப்பினோவின் அறைக்குப் போனோம். அவன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தான், எழுந்திருக்கவில்லை. நான் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் காதுபோலத் தொங்கவிட்டு, எருமைக்கன்றின் குரலில் முதல் கேள்வியைக் கேட்டேன். பின்னாலிருந்து வெல்டர் அண்ணன் பாட ஆரம்பித்தார். சார், வேறு வழியில்லாமல், சேவலானார்.

அவன் அறைக்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒருவன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தே சிரித்தான். நம்மவன் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தான். காகிதத்தை வாங்கினான், ஒரு வரியில் விரலை வைத்தான்.

"இந்த வார்த்தை தப்பு," என்றான். பேனா கேட்டான்.

அப்போதுதான் நாங்கள் என்ன பாடிக்கொண்டிருந்தோம் என்று எங்களுக்கே தெரியவந்தது. மழை பெய்கிற மாலை போல ஒரு சோகமான மெட்டு இருந்தது. ஊர் நினைப்பு வந்தால் வெல்டர் அண்ணன் அதைத்தான் பாடுவார், கண்கூடக் கலங்கியிருக்கிறார். அது சாப்பிட்டுவிட்டுப் பல் விளக்க வேண்டும் என்கிற பாட்டாம்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார் அவர். "எனக்கு அது எங்க வீட்டுக்காரி பாட்டுத்தான்."

இரண்டு வாரம், தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கிக் குளித்ததும் அரை மணி நேரம் ஒத்திகை. நான்தான் எருமை. பல நாள் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் தூங்கிவிடுவேன். அவன் பதிலைச் சொல்லிவிட்டு என்னை எழுப்புவான். எண்ணுப் பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. வெல்டர் அண்ணன் வாயில் அது திருவிழாத் தெருக்கூத்துப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. ஆபாத் வரும்போது ஒரு இழுப்பு இழுத்து, லிமாவில் தொடையைத் தட்டுவார். அசல் மெட்டு எது என்று அவனுக்கும் மறந்துவிட்டது. தொடையைத் தட்டியே பழகினான்.

லீவுக்குக் கிளம்பும் நாளில் பஸ் ஏறும்போது, "சரியா வருமா, பாரே?" என்று கேட்டான். வரும் என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் உறுதியாகப் பேச எனக்கு வரும், ஸ்டோர் வேலையில் அது முக்கியம்.

அந்த முப்பது நாளும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது, தூக்கமும் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படத்தைப் போட்டால் மூவரும் முடிகிற வரை காத்திருந்தோம். வணக்கம் போட்டு, மழை பெய்து, கன்று வந்து குளம்பை ஆட்டும்.

முப்பத்தொன்றாம் நாள் திரும்பி வந்தான். பை நிறையக் காய்ந்த மாம்பழத் துண்டுகள். எங்கள் அறைக்கு வந்து நாலாவது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். முகத்தில் பிரயாணக் களைப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லுய்யா," என்று தமிழிலேயே கத்தினார் வெல்டர் அண்ணன்.

"மொத நாள் கதவுக்குப் பின்னாடி ஓடிட்டா," என்றான். "போன தடவை மாதிரியேதான். ராத்திரியெல்லாம் பிளேன்ல வந்த அசதி வேற. தரையில உட்கார்ந்து எண்ணுப் பாட்டைப் பாடினேன். கதவுக்குப் பின்னாடி சத்தம் இல்லை. ஆபாத்ல இழுத்தேன். லிமாவுல தொடையைத் தட்டினேன்."

"தட்டுனியா!"

"தட்டினதும் கதவைத் திறந்துட்டு வெளிய வந்தா. கோபம்னா கோபம். இடுப்புல கையை வெச்சு என் முன்னாடி நின்னு, 'அப்படி இல்லை! தப்பு!'ன்னு கத்தினா. என் கையைப் பிடிச்சுத் தொடையிலேர்ந்து எடுத்து, விரலை ஒண்ணொண்ணா விரிச்சு அவளே சொல்லிக் குடுத்தா. நான் மறுபடியும் தப்பாப் பாடினேன். மறுபடியும் விரலை விரிச்சா."

அவன் தன் வலது கையை விரித்து எங்களுக்குக் காட்டினான், அதில் ஏதோ ஒட்டியிருக்கிறது போல.

"சரியாப் பாடியிருந்தா கதவுக்குப் பின்னாடியே நின்னு கேட்டுட்டுப் போயிருப்பா. முப்பது நாளும் எனக்குத் திருத்தம்தான். இதுகூடத் தெரியாத ஆளை அவ பார்த்ததே இல்லையாம். அந்தச் சாம்பல் கலர் கன்னுக்குட்டி சௌக்கியமான்னு கேட்டேன், விழுந்து விழுந்து சிரிச்சா. அது மஞ்சளாம், பாரே. பளிச்சுன்னு மஞ்சள்."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எருமைக்கன்று மஞ்சள் என்பதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்து என் லீவுக்கு நாலு மாதம் இருந்தது. அந்த வாரமே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன், துணி துவைப்பதற்கும் முன்னால். 'பையன் டிவியில் என்ன பார்க்கிறான், எந்தப் பாட்டுப் பாடுகிறான், விவரமாக எழுதவும்' என்று. கொஞ்சம் தப்புத் தப்பாகக் கற்றுக்கொண்டு போகலாம் என்று திட்டம்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. 'நம் வீட்டில் டிவி ஏது? நீங்கள் கொண்டு வருவதாகச் சொன்ன டிவிக்காகத்தான் இவன் போன லீவிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறான். பகல் பூராவும் வாசல் பெஞ்சைப் பஸ் என்று வைத்துக்கொண்டு கண்டக்டராக நிற்கிறான். ஏறுகிறவர்கள் எல்லோரும் டிக்கெட் எடுக்க வேண்டும். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை புதுக்கோட்டை போய்வருகிறேன்.'

கடிதத்தை பிலிப்பினோவுக்குப் படித்துச் சொன்னேன். அவன் எழுந்து டிவியையும் டெக்கையும் தூக்கித் தரையில் வைத்தான். காலியான கட்டிலில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

"நான் பாசெஞ்சர். நீ உன் பையன். கேளு."

"எங்கே போகணும்?" என்றேன்.

"புதுக்கோட்டை. ஒண்ணு."

கிழித்துக் கொடுக்க அதே மெட்டீரியல் ஃபாரம்தான் கிடைத்தது. கொடுத்துவிட்டு, அடுத்த ஆள் ஏறும் வரை கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று கட்டில் கம்பியில் தலையை வைத்தேன். என்ன செய்வது, பஸ் என்றாலே எனக்குப் பழக்கம் அப்படி.

யாரோ தோளைத் தொட்டு உலுக்கினார்கள்.

"பாரே," என்றான் அவன். "இப்படித் தூங்கினா உன் பையன் உன்னை இறக்கி விட்டுடுவான்."

"நான் தூங்கவே இல்லை," என்றேன்.